பெண் அறியப்படவில்லை

மன்னிக்க வேண்டும் தம்பி, குறுக்கே பேசுகிறேன். அரிசியில் வண்டு தானாக உண்டாவதில்லை. இப்போது போனில் யாரிடமோ சொன்னீர்களே, "புது மூட்டைதான், தானா வண்டு வந்திருக்கு" என்று, அதைத்தான் சொல்கிறேன். இந்த நாட்டில் உலவுகிற மூடநம்பிக்கைகளில் மிகக் கொடியது அது. பூமி தட்டை என்று நம்புகிறவனால் யாருக்கும் நஷ்டமில்லை. பல்லி விழுந்தால் பலன் உண்டு என்று நம்புகிறவன்கூடப் பல்லிக்கு ஒரு மரியாதை தருகிறான். வண்டு தானாக வருகிறது என்கிறவன் ஒரு தாயின் உழைப்பையே இல்லையென்கிறான்.

சிரிக்கலாம், தப்பில்லை. ஜபருல்லா பாய் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்து கடையைத் திறக்க இன்னும் நேரமிருக்கிறது. மழையும் விடுகிற மாதிரி இல்லை. மூட்டையை இந்தப் பக்கம் நகர்த்துங்கள், சாரல் அடிக்கிறது.

அந்த வண்டுக்கு முகத்திலிருந்து நீளமாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதை எல்லோரும் மூக்கு என்கிறார்கள். மூக்கு அல்ல, வாய். நுனியில் தாடை இருக்கிறது. தாய் வண்டு அந்த வாயால் ஒரு அரிசியில் துளை போடும். பிறகு திரும்பி நின்று அதற்குள் ஒரு முட்டை வைக்கும். ஒன்றே ஒன்று. ஒரு பசையால் துளையை அடைத்துப் பூசிவிட்டு அடுத்த அரிசிக்குப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் முழு அரிசி. உங்கள் மூட்டை கடைக்கு வரும்போதே குழந்தைகுட்டிகளோடுதான் வந்திருக்கிறது. பாய் மேல் குற்றமில்லை. மாற்றித் தருவார், அது அவருடைய நல்ல குணம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதுதான் என் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தமானில் கூன்வண்டு, அதாவது இந்த நீண்ட வாய்க்கார வண்டுச் சாதி, பார்த்தேன். அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. எதற்குக் கொடுக்கிறோம் என்று அதற்குக் கடைசிவரை தெரியாது. நானும் சொல்லவில்லை.

குடைக்குள் வாருங்கள். உள்பக்கம் ஏன் வெள்ளைத் துணி என்றுதானே பார்க்கிறீர்கள்? எல்லோரும் பார்ப்பார்கள். இது மழைக்கான குடை அல்ல, வண்டு பிடிக்கிற குடை. மரக்கிளைக்குக் கீழே இதைத் தலைகீழாக விரித்துப் பிடிக்க வேண்டும். இன்னொரு கையில் தடி. கிளையில் ஓங்கி ஓர் அடி. பூச்சி, எறும்பு, சருகு எல்லாம் குடைக்குள் கொட்டும். கூன்வண்டு விழுந்ததும் காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி கிடக்கும். வெள்ளைத் துணி இல்லாவிட்டால் அது வண்டா, சருகுத் துணுக்கா என்று தெரியாது. கம்பியும் கறுப்புத் துணியும் மாற்றியாகிவிட்டது. வெள்ளையை மட்டும் மாற்றவில்லை. தையல் கோணலாக இருக்கிறதல்லவா? பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டது. "மழை பெய்யறப்ப குடையைத் தலைகீழாப் புடிக்கிற ஒரே ஆளு உலகத்துலயே நீங்கதாம்பா" என்று சொல்லிக்கொண்டே என் மகள் தைத்துக் கொடுத்தாள். அவள் பெயர் செவ்வந்தி.

அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். நான் நிக்கோபார் தீவுகளில் தென்கோடியில் இருக்கிற பெரிய தீவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். போர்ட் பிளேரிலிருந்து கப்பல் அப்போதெல்லாம் எப்போதாவதுதான். போனால் அடுத்த கப்பல் வரும்வரை அங்கேயேதான். காட்டுக்குள் போன் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கப்பல் அட்டவணை என் கையில் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிளம்பும்போது செவ்வந்திக்கு லேசாகக் காய்ச்சல். அவளேதான் சொன்னாள், "கப்பலை விட்றாதீங்கப்பா, போய் உங்க ஆளுங்களைப் பாருங்க" என்று. என் ஆளுங்க என்றால் வண்டுகள்.

அந்தப் பயணத்தில்தான் அது கிடைத்தது. காட்டு ஜாதிக்காய் மரம் ஒன்று, மழையில் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. அடித்தேன். குடைக்குள் பச்சையாக ஒன்று விழுந்தது. வெறும் பச்சை அல்ல. மயில் கழுத்து மாதிரி என்று சொல்லலாம், ஆனால் சொல்லக்கூடாது, எங்கள் தொழிலில் உவமைக்கு இடமில்லை. ஐந்து வண்டுகள் கிடைத்தன. ஐந்தும் ஆண். பெண் வண்டைத் தேடி அந்த மரத்தை நான் அடித்த அடியில் அதற்கு வாய் இருந்தால் சாபம் விட்டிருக்கும். பெண் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது துறைமுகத்தில் அஞ்சுகம் இல்லை. அஞ்சுகம் என் மனைவி. அவளுடைய அண்ணன் நின்றிருந்தார். இதே சீர்காழிக்காரர், சிதம்பரத்தைத் தாண்டிப் போவதற்கே யோசிக்கிற மனிதர். அவர் விமானம் ஏறி வந்து நிற்கிறார் என்றதுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குக் குப்பிப் பெட்டியைக் கவிழாமல் இறக்குவதில் கவனம். "பெட்டியைக் கீழ வைங்க மாப்பிள" என்றார். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அந்த ஊர் வெக்கையில் வைத்திருக்க முடியாது. அவர்கள் செய்தது சரிதான்.

பிறகு நான் அந்த வண்டை விவரித்தேன். எத்தனையோ இனங்களை விவரித்திருக்கிறேன். இதற்கு ஆன காலம் எதற்கும் ஆனதில்லை.

புது இனத்தை விவரிப்பது என்றால் பெரிய கவிதை என்று நினைக்காதீர்கள். பெண் பார்த்துவிட்டு வந்து சொல்வார்களே, லட்சணமா இருக்கா, மூக்கும் முழியுமா இருக்கா என்று, அதற்கு நேர் எதிர். அழகு என்ற சொல்லே வரக்கூடாது. நீளம் சொல்ல வேண்டும், அதையும் மூக்கைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். பாருங்கள், நானே மூக்கு என்கிறேன். அந்த நீண்ட வாயைச் சேர்க்காமல். உணர்கொம்பில் எத்தனை கணு, இறக்கை உறையில் எத்தனை வரி, தொடையில் முள் உண்டா, இல்லையா. தலையில் தொடங்கிக் காலில் முடிக்க வேண்டும். உயிரோடிருந்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது, எதைப் பார்த்துச் சிரித்தது என்பதற்கெல்லாம் இடம் கிடையாது. வண்டு சிரிக்காது, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஆணை விவரித்து முடித்ததும் பெண்ணைப் பற்றிய பத்தி. கிடைக்காவிட்டால் அங்கே எழுத ஒரு வாக்கியம் வைத்திருக்கிறோம். உலகம் முழுக்க அதேதான். 'பெண் அறியப்படவில்லை.' எழுதினேன்.

கடைசியில் பெயர்க் காரணம். அந்த ஒரு வரியில் மட்டும் எழுதுகிறவன் மனிதனாக இருக்கலாம். 'ஆசிரியரின் மகள் செவ்வந்தியின் நினைவாக' என்று எழுதி அஞ்சுகத்துக்குப் படித்துக் காட்டினேன்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"பெயர்க் காரணம் இவ்வளவுதான் இருக்கணும்."

"அஞ்சும் ஆம்பளைங்கிறீங்க. அதுக்கா எம் பொண்ணு பேரு?"

"பேரு அந்த அஞ்சுக்கு இல்ல, மொத்த இனத்துக்கு. பொண்ணும் அந்தக் காட்டுல எங்கயாவது இருக்கும்."

"நிச்சயமா இருக்குமா?"

"இல்லாம இனம் எப்படி? இருந்துதான் ஆகணும்."

"இருக்கும்னா சரி" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பெயர்மேல் அவளுக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. நான் வரைந்த வண்டுப் படத்தைக் கண்ணாடி போட்டு, செவ்வந்தி படத்துக்குக் கீழே மாட்டினாள். லத்தீன் முறைப்படி வண்டின் பெயர் 'செவ்வந்தியே' என்று முடியும். செவ்வந்தியினுடையது என்று அர்த்தம். அஞ்சுகத்துக்கு லத்தீன் தெரியாது. காலையில் படத்தைத் துடைக்கும்போது வாய்விட்டுப் படிப்பாள், யாரையோ எழுப்புகிற மாதிரி. என் வாழ்க்கையில் நான் திருத்தாமல் விட்ட ஒரே தவறு அது.

அன்றிலிருந்து அரிசி வண்டையும் கொல்லமாட்டாள். "சொந்தக்காரங்க" என்பாள். அறிவியல்படி அது சரிதான், ஒன்றுவிட்ட உறவு. எல்லோரும் அரிசியை வெயிலில் கொட்டுவார்கள், சூடு தாங்காமல் வண்டு ஓடிவிடும். இவள், சுடும் என்று நிழலில் பரப்புவாள். அது ஓடுமா? ஒவ்வொன்றாகக் காகித நுனியில் ஏற்றிக்கொண்டு போய்ச் செம்பருத்திச் செடியடியில் விடுவாள். "அங்க அதுக்குச் சாப்பாடு கிடையாது, பட்டினிதான்" என்று சொன்னேன். ஒரு பிடி நொய்யையும் அங்கே போட ஆரம்பித்தாள். ஓய்வு பெற்று இந்த ஊருக்கு வந்த புதிதில், நம் பாய் தெரியாத்தனமாக, "அக்கா, டின்னுல ஒரு மாத்திரை போட்டுவுடுங்க, ஒண்ணும் அண்டாது" என்று சொல்லிவிட்டார். வண்டு என்ன, ஆளையே கொல்கிற விஷம் அது. அவள் பார்த்த பார்வைக்குப் பிறகு ரொம்ப நாள் பாய் எங்கள் வீட்டு அரிசியைத் தானே புடைத்துக் கொடுத்தனுப்பினார்.

போன வருஷம் என் பழைய அலுவலகத்திலிருந்து, அந்தத் தீவில் ஒரு கணக்கெடுப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அஞ்சுகம் தானும் வருவதாகச் சொன்னாள். அந்தமானில் அத்தனை வருஷம் இருந்தும் அந்தத் தீவுக்கு அவள் வந்ததில்லை. "அது இருக்கிற இடத்தை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்றாள். வயதான காலத்தில் அட்டைக்கடி படுவானேன் என்றேன். வந்தாள்.

காட்டில் நான் கிளையை அடித்தேன், அவள் குடை பிடித்தாள். நன்றாகப் பிடிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொதுவாகப் புதிதாகப் பிடிக்கிறவர்கள் ஏதாவது விழுந்ததும் அலறிக் குடையை ஆட்டிவிடுவார்கள். இவள் அசையவில்லை. காட்டு ஜாதிக்காய் மரம்தான். ஓர் அடி.

"ஏங்க, இங்க வாங்க. ரெண்டு இருக்கு."

பச்சை ஆண். அதற்குக் கீழே ஒரு பழுப்பு வண்டு. இணைந்திருந்தன. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் விடவில்லை.

அஞ்சுகம் சிரித்தாள். தம்பி, அவள் சிரிப்புக்கு ஒரு சத்தம் உண்டு என்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன். "பாத்தீங்களா, சோடி சேந்துட்டா! நம்ம கையால பண்ணி வைக்கலைன்னு இருந்தேன். அவளாவே பாத்துக்கிட்டா" என்றாள். பிறகு குனிந்து பார்த்து, "மாப்பிள்ளை கொஞ்சம் மினுக்குதான். பொண்ணு மாநிறம். இருக்கட்டும், நம்ம பொண்ணும் மாநிறந்தானே" என்றாள்.

நான் அந்தப் பழுப்பு வண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதைத் தெரியும். அதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்த ஒரு ஐரோப்பியர் அந்தத் தீவில் ஒரே ஒரு பெண் வண்டைப் பிடித்தார். நாலு வரியில் விவரித்தார். 'மங்கலானது' என்று அர்த்தம் வருகிற ஒரு லத்தீன் பெயரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் ஆணைப் பார்க்கவில்லை, நான் பெண்ணைப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே இனம். எங்கள் தொழிலில் நடக்கிற தவறுதான். ஆணும் பெண்ணும் நிறத்தில் வேறுபட்டால் புருஷனுக்கு ஒரு இனப்பெயர், பெண்டாட்டிக்கு ஒரு இனப்பெயர் என்று வைத்துவிடுவோம். இரண்டையும் யாராவது ஒன்றாகப் பார்க்கும்வரை அது வெளியே வராது. வந்துவிட்டால் சட்டம் எளிது. முதலில் வைத்த பெயர் நிற்கும், பின்னால் வைத்த பெயர் விழும்.

குப்பியைத் திறந்தேன்.

"எதுக்கு?" என்றாள்.

"சாட்சி வேணும். சேர்ந்தபடியே வேணும்."

"விட்டுருங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு விட்டுருங்க."

"பிரிஞ்சுட்டா சாட்சி போச்சு அஞ்சுகம்."

ஆல்கஹாலில் போட்டேன். அதற்குள்ளேயும் பிரியவில்லை. அருமையான மாதிரி. அப்படிக் கிடைப்பது அபூர்வம். அஞ்சுகம் குடையை மடக்கினாள். அப்போதுதான் மழை பிடித்தது. விரித்துக்கொள் என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. திரும்பி வருகிற கப்பலில் அவள் சாப்பிடவே இல்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை. போகும்போது நன்றாகத்தான் இருந்தாள். திரும்புகிற திசையில் அலை வேறு மாதிரி.

இப்போது என் நாற்காலியில் பிரிட்டோ இருக்கிறான். என்னிடம் படித்தவன். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், செவ்வந்தியிடம் தலையில் குட்டு வாங்கியவன். குப்பியைப் பார்த்தான். விஷயம் உடனே புரிந்துவிட்டது.

"சார், ஒரு சோடியை வச்சு என்ன சொல்ல முடியும்? சில சமயம் ஆள் தெரியாமகூடச் சேந்துடும். விட்டுருங்க சார். அந்தக் காட்டுல இனிமே எவன் குடை புடிக்கப் போறான்?"

"மரபணு பாத்துரு" என்றேன்.

ஆளுக்கு ஒரு காலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினான். முடிவு வந்த அன்று போன் செய்தான். இரண்டும் ஒரே இனம்தான் என்று முடிவைப் படித்தான். பிறகு, "சார், மாதிரி கெட்டுப்போச்சுன்னு எழுதிடவா?" என்றான். திட்டினேன். நான் கற்றுக்கொடுத்தது இதுதானா என்று கேட்டேன். "இல்ல சார், இது நானா கத்துக்கிட்டது" என்றான். வாய்க்கொழுப்பு அவனுக்கு எப்போதுமே உண்டு.

கட்டுரையை நானே எழுதினேன். என் தவறை இன்னொருவன் திருத்தினால் எனக்குப் பிடிக்காது. சின்னக் கட்டுரைதான். பெண் பற்றிய பத்தியை இந்த முறை முழுமையாக எழுத முடிந்தது. அஞ்சுகத்துக்குப் படித்துக் காட்டினேன், அது ஒரு பழக்கம்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது. அதனாலதான் நான் சொல்லணும்."

"அப்ப அவ பேரு?"

"அழியாது. அந்தப் பழைய பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல இருக்கும். இதுவும் அதுதான்னு."

"வேற ஒண்ணுக்கு வையுங்க."

"இந்த வண்டோட நெருங்கின சாதி எதுக்கும் அதே பேரை மறுபடி வைக்க முடியாது. விழுந்த பேரானாலும் அந்த இடம் காலியாகாது. தூரத்துச் சாதின்னா வைக்கலாம். அதுக்குப் புதுசா ஒண்ணு கிடைக்கணும். எனக்கு அறுபத்தாறு வயசு."

இதைச் சொல்லும்போது எனக்கே அந்த விதியின்மேல் மதிப்பு வந்தது. விழுந்தாலும் இடம் காலியாகாது. யார் எழுதினார்களோ, நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

அஞ்சுகம் சொன்னாள், "அன்னிக்கு அவளை விட்டுட்டு இதைக் கொண்டுவந்தீங்க. இப்ப இதையும் கொண்டுபோய்க் குடுத்துட்டீங்க."

யாருக்குக் கொடுத்தேன்? செத்து நூறு வருஷம் ஆன ஒரு மனிதருக்கா? அவர் வந்து கேட்டாரா? தர்க்கமே இல்லாத பேச்சு. இதையும் அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுப்பை அணைக்கப் போனாள். அடுப்பு எரியவே இல்லை.

கட்டுரை வெளிவந்துவிட்டது. அவளுக்கு இப்போது முட்டிவலி, கூடத்தில்தான் படுக்கிறாள். பேச்சும் குறைவு. வயதாக ஆக எல்லோருக்கும் அப்படித்தான். படத்தைக் கழற்றிவிடுவாள் என்று நினைத்தேன். கழற்றவில்லை. துடைக்கிறாள், படிப்பதில்லை. காலையில் அந்த நேரத்துக்கு வீடு ஒரு மாதிரி இருக்கிறது. ஒரு நாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, நான் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று படித்துப் பார்த்தேன். அவள் படிப்பாளே, அதே மாதிரி, தவறாக. கொஞ்சம் சத்தமாகிவிட்டது போலிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாரை சார் கூப்புடுறீங்க?" என்றார். யாரையும் இல்லை, ஒரு உச்சரிப்பைச் சரிபார்த்தேன் என்றேன்.

இல்லை, ஒன்றுமில்லை. சாரல்தான். குடை சின்னது.

ஆனால் இன்று நல்ல செய்தி இருக்கிறது. காலையில் அவளாகவே வந்து பேசினாள். கையில் முறத்தோடு வந்து நின்று, "கடைக்குப் போறீங்களா?" என்று கேட்டாள். நானாகக் கேட்காமல் அவளாக ஒன்று சொல்லி எவ்வளவோ நாளாயிற்று. அதனால்தான் கடை திறந்திருக்குமா, மழை வருமா என்று எதையும் பார்க்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

அதோ, பாய் வந்துவிட்டார்.

வாங்க பாய். முதலில் தம்பியைப் பாருங்கள், மூட்டையில் வண்டு. தானாக வரவில்லை என்பதை நான் விளக்கிவிட்டேன், இனி உங்கள் பாடு. எனக்கா? எனக்கு அரிசி வேண்டாம், வீட்டில் இருக்கிறது. டின்னில் போடுகிற மாத்திரை என்று சொல்வீர்களே, வண்டுக்கு. அதுதான்.

ஆமாம் பாய், உங்கள் அக்காதான் கேட்டாள். ஒன்று இல்லை, இரண்டு வாங்கிவரச் சொன்னாள்.